வியாழக்கிழமை மாத்திரை

அன்னிக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்ல உக்காந்து மாத்திரை சாப்பிடணும்.

கம்பெனிக்கு லீவு சொல்லியாச்சு. மாத்திரை ஷெல்ஃப்ல இருக்கு. தண்ணி சொம்புல இருக்கு. வாய் நம்மகிட்டயே இருக்கு. இதுல தப்பு பண்றதுக்கு என்ன இருக்குன்னுதான் நானும் நினைச்சேன்.

இது தொண்ணூறுகள்ல நடந்தது. மேற்கு தாம்பரத்துல முடிச்சூர் ரோட்டை ஒட்டி ஒரு வாடகை வீடு. நானும் என் வீட்டுக்காரி கஸ்தூரியும் மட்டும்தான். பகல்ல வேலை, சாயங்காலம் காலேஜ்னு படிச்சு பி.ஏ. வாங்கினவன் நான். படிச்சது வரலாறு. வேலை குரோம்பேட்டைல, வண்டிக்குப் பாகம் செய்யற ஒரு சின்னக் கம்பெனில செக்கர். வலது கண்ணுல லென்ஸை வெச்சுக்கிட்டு, இரும்புல கீறல் இருக்கா, விரிசல் இருக்கான்னு நாள் பூரா பாக்கணும். அசோகர் காலத்தைப் பத்தி அங்க யாரும் கேக்க மாட்டாங்க.

மாசி மாசம். திங்கக்கிழமை ராத்திரி நெத்தியில வலது பக்கம் எரிச்சல். மூட்டைப்பூச்சின்னு நினைச்சேன். செவ்வாய்க்கிழமை வரிசையா கொப்புளம். புதன்கிழமை காலைல கொப்புளம் புருவத்தைத் தாண்டி இமைக்கு இறங்கிடுச்சு.

கஸ்தூரி பாத்துட்டு, "அக்கி"ன்னா. அவ ஒரு தடவை சொன்னா முடிஞ்சது. பத்தாங்கிளாசுக்குக் கணக்கு டீச்சர்.

பீர்க்கன்கரணைல அவ ஸ்கூலுக்குப் பக்கத்துல ஒரு டாக்டரம்மா. அன்னிக்கு சாயங்காலமே கூட்டிக்கிட்டுப் போனா. டாக்டரம்மா என் மூஞ்சியைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"அக்கிக்குன்னு காவி கீவி எழுதினீங்களா?"

"இல்லைங்க. நாளைக்கு எழுதலாம்னு…"

"வேணாம். மூஞ்சில ஒண்ணும் தடவாதீங்க. இது கண்ணுக்குப் பக்கத்துல வந்திருக்கு. உள்ள இறங்கிச்சுன்னா பார்வைக்கே ஆபத்து. அந்த வைரஸை அடக்கறதுக்கு இப்பதான் மாத்திரை வந்திருக்கு. கொப்புளம் வந்து மூணு நாளைக்குள்ள ஆரம்பிச்சாதான் நல்லா கேக்கும். நல்லவேளை, நேரத்துக்கு வந்தீங்க."

அப்புறம் கேள்வி. கிட்னில ஏதாவது கோளாறு உண்டா? வேற மாத்திரை சாப்பிடறீங்களா? மருந்து எதுவும் ஒத்துக்காம போயிருக்கா? வீட்ல கைக்குழந்தை, மாசமா இருக்கறவங்க யாராவது? எல்லாத்துக்கும் இல்லைன்னேன். வீட்ல எவ்வளவு கம்மியா இருக்கோம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

"ஒரு நாளைக்கு அஞ்சு தரம். காலைல ஆறு, பத்து, மத்தியானம் ரெண்டு, சாயங்காலம் ஆறு, ராத்திரி பத்து. ஏழு நாள். நிறைய தண்ணி குடிங்க, இது கிட்னி வழியாத்தான் வெளிய போகணும். கொப்புளம் காஞ்சுடுச்சேன்னு நடுவுல நிறுத்தாதீங்க. ஒரு வேளை மறந்துட்டா, ஞாபகம் வந்ததும் சாப்பிடுங்க. அதுக்காக ரெண்டு மாத்திரையைச் சேத்து முழுங்காதீங்க."

தலையைத் தலையை ஆட்டினேன். பக்கத்துல கஸ்தூரியும் ஆட்டினா. ரெண்டு படிச்ச தலை.

புதன்கிழமை சாயங்காலம் ஒண்ணு, ராத்திரி பத்துக்கு ஒண்ணு. எந்த வில்லங்கமும் இல்லாம உள்ள போச்சு. நான் படுக்கப் போனேன்.

கஸ்தூரி சமையக்கட்டுல தினசரி காலண்டர் முன்னாடி நின்னுக்கிட்டிருந்தா. மறுநாள் ஷீட்டைத் தூக்கிப் பாத்துக்கிட்டு.

"என்னங்க, நாளைக்கு வியாழக்கிழமை."

"ஆமா. இன்னிக்கு புதன்கிழமை."

"கிண்டல் பண்ணாதீங்க. ஆறுலேர்ந்து ஏழரை எமகண்டம். ஒம்பதுலேர்ந்து பத்தரை குளிகை. ஒண்ணரைலேர்ந்து மூணு ராகு காலம். டாக்டர் சொன்ன ஆறும், பத்தும், ரெண்டும் எதுல விழுது பாத்தீங்களா?"

கணக்கு டீச்சர் கணக்கு. மூணு வேளையும் மூணு பள்ளத்துல கரெக்டா விழுந்திருந்துச்சு. திட்டம் போட்டாக்கூட அப்படி விழாது.

"ராகு காலம், எமகண்டம் சரி. குளிகைக்கு என்ன? நல்ல நேரம்தானே அது?"

"நல்ல காரியத்துக்கு நல்லது. குளிகைல எது செஞ்சாலும் அது திரும்பத் திரும்ப நடக்கும். நகை வாங்கலாம், சீட்டு கட்டலாம். மருந்து சாப்பிட்டா? ஆயுசுக்கும் மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும்."

"டாக்டர் கண்ணுக்கு ஆபத்துன்னாங்களே."

"சாப்பிட வேணாம்னா சொன்னேன்? கொஞ்சம் தள்ளிச் சாப்பிடுங்கன்னு சொல்றேன். அஞ்சே முக்காலுக்கு ஒண்ணு. பத்தே முப்பத்தஞ்சுக்கு ஒண்ணு. மூணு அஞ்சுக்கு ஒண்ணு. முடிஞ்சுது. இதுல யாருக்கு என்ன கஷ்டம்?"

யாருக்கும் கஷ்டமில்ல. நியாயமாத்தான் இருந்துச்சு. இப்ப யோசிச்சாலும் நியாயமாத்தான் இருக்கு. அதான் பேஜார்.

மறுநாள் அஞ்சரைக்கே எழுந்துட்டேன். ஸ்ட்ரிப்பை எடுத்து வெச்சேன். சொம்பை எடுத்தேன். தெருமுனைல தண்ணி லாரி ஆரன் அடிச்சுது.

எங்க தெருவுல ரெண்டு நாளைக்கு ஒரு தரம் லாரி. விட்டா அவ்வளவுதான். கஸ்தூரி குளிச்சிக்கிட்டிருந்தா. நிறைய தண்ணி குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க, தண்ணியே இல்லைன்னா எதைக் குடிக்கறது? துண்டைத் தலையோட மூஞ்சியோட சுத்திக்கிட்டு ரெண்டு குடத்தோட ஓடினேன்.

வரிசைல எனக்கு முன்னாடி இருபது பேராவது இருக்கும். காத்துல துண்டு லேசா விலகிச்சு. முன்னாடி நின்ன அம்மா திரும்பிப் பாத்தாங்க.

"ஐயே, இன்னா சார் மூஞ்சி இப்டி கீது? அம்மையா?"

"அம்மை இல்லைங்க, அக்கி."

"எதுவா இருந்தா இன்னா. நீ முன்னால போ சார். போ, போ. ஏய், சாருக்கு வழி வுடுங்கடி."

மொத்த வரிசையும் ரெண்டா பொளந்துச்சு. அந்தத் தெருவுல எட்டு வருஷமா குடியிருக்கேன், அப்படி ஒரு மரியாதை அதுக்கு முன்னாடியும் கிடைக்கல, பின்னாடியும் கிடைக்கல. ஆசை விடல. துண்டைக் கட்டிக்கிட்டு இன்னும் ரெண்டு நடை போனேன்.

அண்டா, பக்கெட், குக்கர் உட்பட எல்லாம் நிரம்பிச்சு. கடிகாரத்தைப் பாத்தா ஆறு பத்து.

கஸ்தூரி தலைல துண்டோட வந்து நின்னா. "சாப்பிட்டீங்களா?"

"தண்ணி புடிச்சேன்."

அவ காலண்டரைப் பாத்தா. என்னைப் பாத்தா. "சரி, ஒண்ணும் குடி முழுகல. ஏழரை தாண்டினதும் மொத வேலையா சாப்பிடுங்க. எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு, நான் கிளம்பறேன்."

போறவ சும்மா போகல. காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் கோதண்டம் சார் பல் விளக்கிக்கிட்டிருந்தார். ரிட்டயர் ஆனவர். நாள் நட்சத்திரத்துல புலி. தெருவுல யாரு வீட்ல போர் போட்டாலும், பைக் எடுத்தாலும், நேரம் அவர்கிட்டதான் கேப்பாங்க.

"சார், இவர் மறந்துடுவார். ஏழரைக்கு மாத்திரை சாப்பிடணும், கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க. எமகண்டம் தாண்டினதும்."

"நீ போம்மா. நான் பாத்துக்கறேன்."

அந்த வார்த்தையை நான் அப்பவே கவனிச்சிருக்கணும்.

கரெக்டா ஏழரைக்கு மாத்திரையைப் பிச்சு உள்ளங்கைல வெச்சேன். சுவருக்கு மேல கோதண்டம் சார் தலை முளைச்சுது.

"தம்பி, அவசரப்படாதீங்க. இன்னிக்கு சூரியன் எத்தனை மணிக்கு உதிச்சுது?"

"பாக்கல சார். தண்ணி புடிச்சிக்கிட்டிருந்தேன்."

"ஆறு இருபத்தஞ்சு. காலண்டர்காரன் என்ன பண்றான், வருஷம் பூரா ஆறு மணிக்கு உதயம்னு வெச்சு அச்சடிச்சுடறான். அவனுக்கு என்ன, பேப்பர் வித்தா போதும். உதயத்துலேர்ந்து கணக்குப் போட்டா எமகண்டம் எட்டு மணி வரைக்கும் இழுக்குது."

"அப்ப எட்டு மணிக்கு சாப்பிடலாமா சார்?"

"தாராளமா."

எட்டு மணி வரைக்கும் மாத்திரையைக் கைல வெச்சுக்கிட்டே பேப்பர் படிச்சேன். எட்டு அடிச்சதும் மறுபடியும் தலை.

"தம்பி, எட்டுலேர்ந்து என்ன ஹோரை தெரியுமா?"

"தெரியாது சார்."

"சூரிய ஹோரை. ஒவ்வொரு மணி நேரத்தையும் ஒரு கிரகம் ஆளும், இது சூரியனோடது. உங்களுக்கு வந்திருக்கறது என்ன? உஷ்ணக் கொப்புளம். இங்கிலீஷ் மருந்து என்ன? அதுவும் உஷ்ணம். உஷ்ணத்து மேல உஷ்ணத்தை சூரிய ஹோரைல போட்டா தாங்குமா?"

பி.ஏ.ல ஹோரை இல்ல. அவர் பேசற விதம் வேற அப்படி. சத்தம் போட மாட்டார். நம்ம மேல நெஜமான அக்கறையோட சொல்லுவார். அக்கறையா சொல்றவங்களை எதிர்த்துப் பேசற பழக்கம் எனக்கு எங்கயும் யாரும் சொல்லிக் குடுக்கல.

"அப்ப ஒம்பதுக்கு?"

"ஒம்பதுக்கு குளிகை ஆரம்பிக்குதேப்பா."

"பத்தரைக்கு முடியுதே சார்."

"காலண்டர்ல பத்தரை. உதயப்படி பத்து அம்பத்தஞ்சு. கவலைப்படாதீங்க, பதினோரு மணிக்கு சந்திர ஹோரை. சந்திரன் யாரு? குளிர்ச்சி. அப்ப சாப்பிட்டீங்கன்னா ஒரு மாத்திரை ரெண்டு மாத்திரை வேலை செய்யும்."

ஒரே மாத்திரை ரெண்டா வேலை செய்யும்னா யாரு வேணாம்பாங்க?

பத்து மணி வாக்குல எனக்கே மனசு கேக்கல. நெத்தி நெருப்பா எரியுது. டாக்டரம்மாவையே ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு சுவருக்கிட்ட போனேன். அந்த வரிசைல போன் இருக்கிற ஒரே வீடு அவருது.

"சார், டாக்டருக்கு ஒரு போன் பண்ணிக்கட்டுமா?"

"இப்ப குளிகை தம்பி. இப்ப டாக்டருக்குப் பண்ணா திரும்பத் திரும்ப டாக்டருக்குப் பண்ணணும்." கொஞ்சம் நிறுத்திட்டு, "அதுவும் என் போன்லேர்ந்து"ன்னார்.

திரும்பி வந்து கட்டில்ல சாஞ்சேன். பதினோரு மணிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். சந்திரனுக்காகக் காத்துக்கிட்டிருந்தேன். ராத்திரி பூரா வலியில தூக்கமில்ல, விடியக்காலைல ஆறு குடம் தண்ணி தூக்கியிருக்கேன்.

கண்ணைத் தொறந்தா மணி பன்னண்டு பத்து.

சந்திரன் வந்தாச்சு, போயாச்சு.

அடிச்சுப் புடிச்சுக்கிட்டு சுவருக்கு ஓடினேன். கோதண்டம் சார் கை கழுவிக்கிட்டிருந்தார். ஞாபகப்படுத்தறேன்னவர் அந்த நேரத்துல சாப்பிட்டுக்கிட்டு இருந்திருக்கார்.

"பன்னண்டுலேர்ந்து ஒண்ணு சனி ஹோரை"ன்னார். சனிக்கு விளக்கம் எதுவும் சொல்லல. சொல்லவும் தேவையில்ல. "ஒண்ணுக்கு மேல குரு ஹோரை. ஆனா ஒண்ணரைக்குள்ள சாப்பிட்டுடுங்க, ராகு வந்துடும்." உதயக் கணக்கு ஹோரைக்கும் ராகுவுக்கும் கிடையாதான்னு நான் கேக்கறதுக்குள்ள படுக்கப் போயிட்டார்.

ஆக, எனக்கு அரை மணி நேரம் கிடைச்சிருக்கு. தடுக்க யாரும் இல்ல. ஒண்ணு அடிச்சுது. மாத்திரையை எடுத்தேன்.

இங்கதான் என் படிப்பு வேலை செஞ்சுது.

இது எந்த வேளை மாத்திரை? ஆறு மணி மாத்திரையா, பத்து மணி மாத்திரையா? ஆறு மணியுதுன்னா பத்து மணியுது எங்க? ரெண்டும் பாக்கின்னா ரெண்டையும் சேத்துப் போட்டு கணக்கை முடிச்சுடலாமா? சேத்து முழுங்காதீங்கன்னு டாக்டர் சொன்னாங்களே. கிட்னி என்ன ஆகறது? சரி, ஒண்ணுதான். ஆனா இப்ப ஒண்ணு போட்டா, ரெண்டு மணி மாத்திரை ஒரு மணி நேரத்துல வந்து நிக்குமே. அதைத் தள்ளினா ஆறு மணியுது? அதைத் தள்ளினா ராத்திரியுது? பேசாம இதையே ரெண்டு மணி மாத்திரைன்னு வெச்சுக்கிட்டா, காலைல விட்ட ரெண்டையும் யாரு சாப்பிடறது?

ஞாபகம் வந்ததும் ஒண்ணு சாப்பிடுங்கன்னு அந்தம்மா எவ்வளவு தெளிவா சொல்லியிருந்தாங்க. அது மட்டும் அப்ப ஞாபகம் வரல.

இந்த ஆராய்ச்சி ஒரு முடிவுக்கு வந்தப்போ மணி ஒண்ணு முப்பத்தி ரெண்டு. ராகு.

இனிமே மூணு அஞ்சுதான். கஸ்தூரி சொன்ன நேரம். மாத்திரையை மறுபடியும் ஷெல்ஃப்ல வெச்சேன். கைல இருந்து இருந்து அது லேசா வேர்த்திருந்துச்சு. இல்ல, நான் வேர்த்திருந்தேன்.

ரெண்டரை மணிக்கு வலது கண்ணுல தண்ணி வர ஆரம்பிச்சுது. தூசின்னு தொடைச்சேன். நிக்கல. ஜன்னல் வெளிச்சம் ஊசி மாதிரி குத்துச்சு. கண்ணாடில பாத்தா கண்ணு செவந்து கெடக்கு.

எதிர் சுவத்துல காலண்டர். இடது கண்ணை மூடிக்கிட்டு வலது கண்ணால மட்டும் பாத்தேன். வியாழன்னு தெரிஞ்சுது. அதுக்குக் கீழ பொடி எழுத்துல ராகு, குளிகை, எமகண்டம் போட்டிருப்பான். அது எதுவுமே தெரியல.

சிரிப்பு வரல. இந்தக் கண்ணாலதான் சோறு சாப்பிடறேன். தலைமுடி மாதிரி ஒரு விரிசலைத் தேடிக் கண்டுபுடிச்சாத்தான் அங்க எனக்கு வேலை. கண்ணு போச்சுன்னா வாட்ச்மேனாக் கூட சேத்துக்க மாட்டாங்க.

மணி ரெண்டே முக்கால். ராகு காலம் முடிய இன்னும் கால் மணி. இவ்வளவுக்கு அப்புறமும் நான் அந்தக் கால் மணிக்காக உக்காந்திருந்தேன்னு சொன்னா நம்புவீங்களா? உக்காந்திருந்தேன். மாத்திரை ஒரு கைல, கர்ச்சீப் ஒரு கைல.

மூணுக்குள்ள கதவு தொறந்துச்சு. கஸ்தூரி. மனசு சரியில்லன்னு பர்மிஷன் போட்டுட்டு வந்திருக்கா. நேரா ஷெல்ஃபுக்குப் போனா. ஸ்ட்ரிப்பை எடுத்து எண்ணினா. அப்புறம் என் கையைப் பாத்தா. அப்புறம்தான் மூஞ்சியைப் பாத்தா.

"காலைலேர்ந்து ஒண்ணுகூட சாப்பிடலையா?"

"உதயம் ஆறு இருபத்தஞ்சுக்கு…"

"என்ன?"

"எட்டு மணிக்கு சூரிய ஹோரை. பதினொண்ணுக்கு சந்திரன் வந்தார், நான் தூங்கிட்டேன்."

"உங்களை யாரு சாப்பிடாம இருக்கச் சொன்னது? அரை மணி, ஒரு மணி தள்ளத்தானே சொன்னேன். ஒரு நாள் பூரா தள்ளுவீங்களா?"

"நீதானே சார்கிட்ட…"

"வாயைத் தொறங்க."

தொறந்தேன். சொம்புத் தண்ணி முழுசும் கூடவே இறங்குச்சு. மணி ரெண்டு அம்பது. ராகு காலம் இன்னும் முடியல. அவ காலண்டர் பக்கம் திரும்பவே இல்ல.

"கிளம்புங்க. டாக்டர்கிட்ட போறோம்."

தெருவுல ஆட்டோ நின்னுச்சு. டிரைவர் என் மூஞ்சியைப் பாத்துட்டு, "இன்னா சார், வூட்ல சண்டையா?"ன்னார். கஸ்தூரி பாத்த பார்வைல வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டார்.

ஆட்டோ சத்தம் கேட்டு கோதண்டம் சார் எழுந்து வந்துட்டார். கைல சின்னக் கிண்ணம்.

"அம்மா, பீர்க்கன்கரணைக்கா? இன்னிக்கு தெற்கே சூலம், அந்தப் பக்கம் போகக் கூடாது. எண்ணெய் பரிகாரம். ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் நெத்தில தொட்டு வெச்சுட்டுப் போகச் சொல்லு."

"சார்"னா கஸ்தூரி. ரொம்ப மெதுவாத்தான் சொன்னா. "அது அப்படியே இருக்கட்டும். ராத்திரி உங்க தோசைக்கு ஆகும்."

ஆட்டோ கிளம்பிடுச்சு. பெருங்களத்தூர் தாண்டற வரைக்கும் அவ என் கையைப் புடிச்சுக்கிட்டு வெளிய பாத்துக்கிட்டே வந்தா. ஒரு தடவை மூக்கை உறிஞ்சினா. தூசின்னா.

டாக்டரம்மா டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. கீழ பாருங்க, மேல பாருங்க, இதைப் படிங்க. படிச்சதுல பாதி என் சொந்தக் கற்பனை.

"மாத்திரை கரெக்டா சாப்பிடறீங்கல்ல?"

நான் கஸ்தூரியைப் பாத்தேன். கஸ்தூரி மேசையைப் பாத்தா.

"நேத்து ராத்திரி பத்துக்கு ஒண்ணு. அப்புறம் இப்ப மூணு மணிக்கு ஒண்ணு"ன்னேன்.

"நடுவுல?"

டாக்டரம்மா டார்ச்சை அணைச்சாங்க. "விலை ஜாஸ்தின்னு விட்டீங்களா? வாந்தி வந்துச்சா? தலை சுத்துச்சா?"

"இல்லைங்க டாக்டர். குளிகை"ன்னா கஸ்தூரி. கிளாஸ்ல வீட்டுப்பாடம் எழுதாத புள்ளை மாதிரி.

நல்லா திட்டு விழும்னு பல்லைக் கடிச்சுக்கிட்டேன். விழல. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வெச்சாங்க.

"குளிகைல மருந்து சாப்பிட்டா என்ன ஆகும்?"

"திரும்பத் திரும்ப சாப்பிட வேண்டி வரும்னு சொல்வாங்க."

"டீச்சர், நான் எழுதிக் குடுத்ததே அதுதானே? ஒரு நாளைக்கு அஞ்சு தரம், ஏழு நாள், திரும்பத் திரும்ப சாப்பிடணும். இதுக்குக் குளிகையை விட நல்ல நேரம் உங்களுக்கு எங்க கிடைக்கும்?"

கல்யாணம் ஆகி அத்தனை வருஷத்துல கஸ்தூரியை அப்படி ஒரு வாக்கியத்துல மடக்கினவங்களை நான் பாத்ததில்ல. கண்ணு மட்டும் சரியா இருந்திருந்தா இன்னும் நல்லா பாத்திருப்பேன்.

"நீங்க நேத்தே வந்தது நல்லதாப் போச்சு. ஆனா இது ரத்தத்துல அளவு குறையாம இருந்தாத்தான் வேலை செய்யும். இப்படி விட்டு விட்டு சாப்பிட்டா பிரயோஜனமே இல்ல. அரை மணி முன்ன பின்ன ஆனா பரவால்ல, அரை நாள் ஆகக் கூடாது. கண்ணுல இறங்கியிருக்கான்னு கண் டாக்டர்தான் லென்ஸ் வெச்சுப் பாக்கணும். குரோம்பேட்டைல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்."

போனைப் போட்டாங்க. பேசினாங்க. போனைக் கையால பொத்திக்கிட்டு எங்களைப் பாத்தாங்க.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு வரச் சொல்றார். அதை விட்டா திங்கக்கிழமைதான். என்ன சொல்லட்டும்?"

கஸ்தூரி உதடு தானா அசைஞ்சுது. என்ன சொல்லிக்கறான்னு எனக்குக் கேட்டுச்சு. "வெள்ளிக்கிழமை… ஏழரைலேர்ந்து ஒம்பது… குளிகை."

என் கண்ணைப் பாத்தா.

"வரோம்னு சொல்லுங்க டாக்டர்."

மறுநாள் எட்டு மணிக்கு முன்னாடியே அங்க இருந்தோம். கண் டாக்டர் ஒரு மிஷினுக்குப் பின்னாடி என் தாடையை வெக்கச் சொல்லி, கண்ணுல மஞ்சளா ஒரு சொட்டு விட்டு, லென்ஸ் வழியா ரொம்ப நேரம் பாத்தார். ஊர் இரும்புல எல்லாம் கீறல் தேடினவன் நான். என் கண்ணுல ஒருத்தர் கீறல் தேடறப்போதான், அந்த இரும்புக்கெல்லாம் எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுது.

"கருவிழில லேசா தொட்டிருக்கு. ஆழமா இறங்கல. மாத்திரையை ஒரு வேளை விடாம சாப்பிட்டா தப்பிச்சுடும். இனிமே விட்டீங்கன்னா நான் ஜவாப்தாரி இல்ல."

அப்புறம் எங்க வீட்ல அலாரம்தான் பஞ்சாங்கம். சனிக்கிழமை காலைல ஆறு மணி, தினசரி ஷீட்படி சுத்தமான குளிகை. கஸ்தூரி சொம்போட வந்து நின்னா.

"சாப்பிடுங்க."

"கஸ்தூரி, இப்ப குளி…"

"தெரியும். சாப்பிடுங்க."

அன்னிக்குப் பத்து மணியுது ராகுல போச்சு. ரெண்டு மணியுது எமகண்டத்துல போச்சு. கோதண்டம் சார் சுவருக்கு மேல எட்டிப் பாத்தார். கஸ்தூரி அவரையும் பாத்தா. அவர் பல் விளக்கப் போயிட்டார், மத்தியானம் ரெண்டு மணிக்கு.

ஏழு நாள் முடிஞ்சுது. ஒரு மாத்திரை பாக்கியில்ல. கொப்புளம் காஞ்சு உதிர்ந்துச்சு. நெத்தில ரெண்டு தழும்பு, அவ்வளவுதான். கண்ணு பொழைச்சுது. மறு மாசமே லென்ஸைக் கண்ணுல வெச்சு வேலைக்கு உக்காந்துட்டேன். எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்லைன்னு அன்னிலேர்ந்து யார் கேட்டாலும் தெளிவா சொல்லிடறேன்.

கண் டாக்டர் மட்டும், எதுக்கும் ஒரு தரம் காட்டிட்டுப் போங்கன்னு அடுத்த வாரம் வரச் சொன்னார். அப்புறம் மாசம் ஒரு தரம். அப்புறம் ஆறு மாசத்துக்கு ஒரு தரம். அவர் ரிட்டயர் ஆகி, இப்ப அவர் பொண்ணு பாக்கறாங்க. அவங்களும் ஒண்ணுமே இல்ல, நல்லா இருக்கு, அடுத்த வருஷம் வாங்கங்கறாங்க.

ஒவ்வொரு தரமும் திரும்பி வர்ற வழில கஸ்தூரி ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லுவா.

"வெள்ளிக்கிழமை எட்டு மணி."